வீட்டு வெள்ளி

1

"நடுவுல போயிட்டுத் திரும்பி வந்தா, மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணுமாம்மா?"

என் மகன் ஆதவன் இதைக் கேட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அடுப்பில் பால் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவும் இல்லை.

அவனுக்கு ஒன்பது வயது. கேட்டது கால்பந்தைப் பற்றி. எனக்குத்தான் அது வேறு மாதிரியும் கேட்டது. மதுரை நாகமலை புதுக்கோட்டையில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து, கல்யாணமாகித் திருமங்கலம் போய், அங்கிருந்து கணவரோடும் கைக்குழந்தையோடும் போர்த்துகல் வந்தவள் நான். வடக்கே, போர்த்தோ நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். செருப்புத் தொழிற்சாலைகளும் ஒரு ஆறும் ஒரு கால்பந்து கிளப்பும் உள்ள ஊர். கணவருக்குக் கார் உதிரி பாகங்கள் வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. எனக்கு வீடு, வாரத்தில் இரண்டு நாள் மொழி வகுப்பு, மற்ற நேரமெல்லாம் கவலை.

2

கிளப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

டிவியில் வருகிற கிளப் இல்லை. மாவட்ட அளவில் ஆடுவார்கள், பல வருடங்களில் தோற்பார்கள். மைதானத்தை ஒட்டிய கட்டடத்தில் ஒரு நீளமான கூடம். அதன் ஒரு சுவர் முழுக்கப் புகைப்படங்கள். கோப்பை வாங்கியவர்கள் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். இல்லை. பத்து சீசன் இடைவிடாமல் இந்தக் கிளப்புக்கு ஆடியவர்கள். அவ்வளவுதான் தகுதி. எத்தனை கோல் என்று எழுதியிருக்காது. பெயர், ஆடிய இடம், எத்தனை சீசன். சின்னப் பிள்ளையாகச் சேர்ந்த வருடத்திலிருந்தே கணக்கு. நடுவில் ஒரு சீசன் வேறு கிளப்புக்குப் போனால் பழைய கணக்கு அழிந்துவிடும். திரும்பி வந்தால் ஒன்றிலிருந்துதான்.

பெரும்பாலும் ஊர்க்காரர்கள். ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், ஒருவர் நகராட்சி லாரி ஓட்டுபவர். நடுநாயகமாக மாட்டியிருப்பது அர்மாந்தோ என்கிற கோல்கீப்பரின் படம். இருபது சீசன். வாலிபத்தில் லிஸ்பனில் பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டதாம். போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், அங்கே சூப்பில் உப்பு பத்தவில்லை என்பார். ஊரே இதைப் பெருமையாகச் சொல்கிறது.

ஆதவன் இதைத் திருமங்கலத்தில் இருக்கும் தன் தாத்தாவிடம், அதாவது என் மாமனாரிடம், வீடியோ காலில் சொன்னான்.

"ஒரே டீம்லயா? இருபது வருசமா?" என்றார் மாமா.

"ஆமா தாத்தா."

"அதுக்கப்பறம் வேற எவனும் கூப்பிடலயோ?"

ஆதவனுக்கு அந்தக் கிண்டல் புரியவில்லை. நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் பக்கம் வெளிநாடு போனவனுக்குத்தான் ஊர் எல்லையில் பேனர். இருந்த இடத்திலேயே இருந்தவனைப் பற்றி, "அவன் அங்கனதான் கெடக்கான்" என்பார்கள். நாங்கள் விமானம் ஏறிய அன்று மாமாவின் மோட்டார் பம்பு கடை வாசலில்கூட ஒரு பேனர் கட்டினார்கள். அதில் என் கணவர் கோட்டு போட்டிருந்தார். அவரிடம் கோட்டே கிடையாது.

3

இங்கே எங்கள் பெயர்களே ஒரு சங்கடம். இவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. பாஸ்போர்ட்டில் ஆதவனின் கடைசிப் பெயராக அப்பா பெயர் இருப்பதால், முத்துக்குமார் என்பதே குடும்பப் பெயராகிவிட்டது. பனியனின் முதுகில் 'முத்து'. மைதானத்தில் பயிற்சியாளர் "முத்து, ஓடு, முத்து, பின்னால் பார்" என்று கத்தும்போதெல்லாம் என் கணவர் வேலியோரம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். நான்கு சீசன் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பத்து வயதை எட்டும் வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் அடுத்த சீசனுக்குக் கூடுதல் காகிதங்கள் கேட்டார்கள். அதில் ஒன்று, இந்தப் பையன் கால்பந்து ஆடுவதற்காக நாங்கள் இந்த நாட்டுக்கு வரவில்லை என்பதற்கு ஆதாரம். பிள்ளைகளைப் பந்துக்காக நாடு விட்டு நாடு கடத்திக் கொண்டுவருவதைத் தடுக்கிற விதி, நல்ல விதிதான். ஆனால் திருமங்கலத்திலிருந்து பால்குடி மறக்காத குழந்தையைக் கால்பந்துக்காகத் தூக்கி வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது? கம்பெனியில் கடிதம் வாங்கி, பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை வாங்கி அனுப்பினோம். எதற்காக வந்தோம் என்பதை யாராவது அவ்வளவு தெளிவாக என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

4

இனி வெள்ளிக்கு வருகிறேன்.

ஆதவன் இடுப்பில் வெள்ளி அரைஞாண்கொடி. காது குத்தும்போது மாமனார் போட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் கொடுத்து, இரண்டு மூன்று வளையம் சேர்த்து நீட்டி வாங்குவோம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பயிற்சி முடிந்து அழைத்துவரப் போனேன். பயிற்சியாளர் நெல்சன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, என்னிடம் வேகமாக ஏதோ சொன்னார். கடைசியில் இரண்டு தடவை அழுத்தி, "ப்ராத்தா த காஸா" என்றார். ப்ராத்தா என்றால் வெள்ளி. காஸா என்றால் வீடு. வகுப்பில் படித்த சொற்கள் இரண்டும். வெள்ளி, வீடு. உடை மாற்றும்போது இடுப்புக்கொடியைப் பார்த்துவிட்டார், வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தோடு, சங்கிலி போட்டு ஆடக்கூடாது என்ற விதி ஏற்கெனவே தெரியும். இத்தனை நாள் விட்டதே அவருடைய பெருந்தன்மை என்றுகூட நினைத்து வெட்கப்பட்டேன்.

ஆனால் கழற்றுவது எப்படி? நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளையின் இடுப்பை வெறுமையாக விடமாட்டார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு ஆரப்பாளையத்தில் இருக்கும் மதினிக்கு, என் கணவரின் அக்காவுக்கு, போன் போட்டேன்.

"கழட்டச் சொன்னாய்ங்களா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

"விதி அப்படி மதினி. அடிபட்டுரும்ல."

"இம்புட்டு நாளு படல. சரி, மொதல்ல கறுப்புக் கயித்தக் கட்டு. கட்டிட்டு அப்பறம் வெள்ளியக் கழட்டு. மாத்திச் செஞ்சிராதத்தா."

"சரி மதினி."

"அந்த வாத்தியார்ட்ட கேளு, அவன் இடுப்புல என்ன கெடக்குன்னு."

கறுப்புக் கயிறுக்கு இங்கே எங்கே போவது? செருப்புக் கடையில் மெழுகு பூசிய கறுப்பு நூல் கிடைத்தது. அதைக் கட்டிய பிறகு கொடியைக் கழற்றி, ஒரு பழைய சுருக்குப்பையில் போட்டு, பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். ஆதவன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "லைட்டா இருக்கு" என்றான்.

அடுத்த பயிற்சி நாளில் நெல்சனைத் தேடிப்போய், வீட்டிலேயே எழுதிப் பார்த்துப் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். "வெள்ளி வீட்டில் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கும்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அலுவலக அறைப் பக்கம் திரும்பி, பதிவுகளைப் பார்க்கும் லூர்தெஸ் அம்மாளிடம் சத்தமாக ஏதோ சொன்னார். அவரும் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். ஒரு கொடியைக் கழற்றியதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒரு வாக்கியத்தைத் தவறில்லாமல் பேசிவிட்ட திருப்தி வேறு.

5

ஏப்ரலில் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். என் கணவர் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார். அத்தை காலமாகி ஆறு வருடமாகிறது, மாமா தனியாகத்தான் இருக்கிறார். இப்போது காலையில் மட்டும் கடை திறக்கிறார். மதினி நாள் விட்டு நாள் ஆரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறித் திருமங்கலம் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறார்.

மாமா ஒரு தடவைகூட வரச் சொல்லவில்லை. ஒரு நாள் போனில் கேட்டார், "ஏத்தா ரேணு, ஆதிப்பயல இங்கன சேத்தா எந்தக் கிளாஸ்ல போடுவாய்ங்க?"

"நாலாவதோ அஞ்சாவதோ மாமா. ஏன் மாமா?"

"சும்மாதான். பக்கத்துல ஒரு ஆளு கேட்டாப்ள."

பக்கத்து ஆள் எதற்கு என் மகன் வகுப்பைக் கேட்கப்போகிறார்?

மதினி அப்படி இல்லை. "தம்பிட்ட சொன்னா அவ சொல்லட்டும்ங்கிறான், ஒன்ட்ட சொன்னா அவுங்க சொல்லட்டும்ங்கிற. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கயித்தப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்றார். உண்மைதான். கணவரின் கம்பெனிக்குச் சென்னையில் கிளை உண்டு. கேட்டால் வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவார்கள் போலத் தெரிகிறது. போகலாம் என்று சொல்லிப் பார்த்தால் இவர், "ஆதிக்கு ஸ்கூலு?" என்பார். இருக்கலாம் என்றால், "அப்பாவுக்கு?" என்பார். நானும் இதே இரண்டு கேள்விகளைத்தான் அவரிடம் கேட்கிறேன், வரிசை மட்டும் மாறும்.

பிள்ளைக்குத் தெரியாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

6

மே மாதம் கிளப்பின் ஆண்டு விழா. கூடத்தில் நீள மேசைகள் போட்டு மதியச் சாப்பாடு. நாங்கள் உருளைக்கிழங்கும் கீரை சூப்பும் மட்டும் சாப்பிடுவோம் என்று தெரிந்து லூர்தெஸ் அம்மாள் எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். சாப்பாட்டின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு சீசன் முடித்து ஐந்தாவதுக்கு நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு உடை மாற்றும் அறையில் சொந்தமாக ஒரு கொக்கி கொடுப்பார்கள். அதுவரை துணிகளைப் பையோடு பெஞ்சில் போட வேண்டும். பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்த கொக்கி. சுவரில் படம் உள்ளவர்களில் ஒருவர்தான் அதைக் கையில் கொடுப்பார். குடும்பம் அடுத்த சீசனுக்கும் இருக்கிறது என்று உறுதி சொன்னால்தான் பெயர் பொறிக்கக் கொடுப்பார்கள்.

நாங்கள் யாரிடமும் உறுதி சொல்லவில்லை. அதனால் ஆதவனைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நெல்சன் எழுந்து "முத்து" என்றதும், தன்னைத்தான் என்று நினைத்து என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆதவன் ஓடிப்போய் முன்னால் நின்றான். கோல்கீப்பர் அர்மாந்தோ கொக்கியை அவன் கையில் வைத்தார். நெல்சன் என்னைக் கைகாட்டி ஏதோ பேசினார். "ப்ராத்தா த காஸா" என்பது மறுபடி காதில் விழுந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள்.

ஆதவன் வந்து உட்கார்ந்ததும், "என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நான் ப்ராத்தா த காஸாவாம். அம்மாவே அன்னைக்கு வந்து சொன்னாங்களாம், வீட்டுலயே இருக்கும்னு."

"கொடியத்தானடா சொன்னேன்."

"எந்தக் கொடி?"

"ஒன் இடுப்புக் கொடி. வெள்ளி."

அவன் முதலில் சிரித்தான். பக்கத்துப் பையனிடம் போர்த்துகீசியத்தில் சொல்லி அவனும் சிரித்தான். பிறகு என்னிடம் விளக்கினான். வீட்டு வெள்ளி என்றால் நகை இல்லையாம். வெளியிலிருந்து வாங்கிவராமல் கிளப்பே சின்ன வயதிலிருந்து வளர்த்த ஆட்டக்காரனை அப்படிச் சொல்வார்களாம். வீட்டுப் பிள்ளை என்பது போல. சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"அப்ப நம்ம இருக்கோம்னு நீங்க சொல்லலையா?"

இவர் தண்ணீர் குடித்தார். நான் அவன் கொக்கியை வாங்கி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அன்றிரவு பால் அடுப்பில் இருந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். மறுநாளே கொக்கியைக் கிளப்பின் உடை மாற்றும் அறையில் திருகி மாட்டிவிட்டார்கள்.

7

அந்தக் கேள்வி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது. கிளப் வேனை ஓட்டுகிற வீத்தோரிடமிருந்து.

வீத்தோருக்கு ஐம்பது வயதிருக்கும். பின்வரிசையில் ஒன்பது சீசன் ஆடியவர். ஒன்பதாவது வருடம் அவர் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலை மூடியதால் கட்டட வேலைக்குப் பிரான்ஸ் போனார். மூன்று வருடம் கழித்து வந்து இன்னும் நான்கு சீசன் ஆடினார். கூட்டினால் பதின்மூன்று. சுவரில் படம் இல்லை. இந்த ஊரில் பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் பிரான்ஸிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கிறார்கள். அதனால்தான் எங்களைப் பார்த்து யாரும் அதிகம் ஆச்சரியப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வேலியோரம் அவர் பக்கத்தில் நின்றேன். என் போர்த்துகீசியத்தைச் சிரமப்பட்டுக் கூட்டி, "போகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதுண்டா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு அதிகப்பிரசங்கித்தனமோ என்று கூச்சமாக இருந்தது.

"போகாவிட்டால் படம் இருக்கும், வீட்டுக்குக் கூரை இருக்காது" என்றார். "ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் இதற்கு ஓட்டு நடக்கிறது. என் படத்தை மாட்டலாமா வேண்டாமா என்று."

"யார் வேண்டாம் என்கிறார்கள்?"

"நான்தான். மாட்டிவிட்டால் அப்புறம் பேச அவர்களிடம் என்ன இருக்கிறது?"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மற்ற ஆட்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, அவர் எப்போதும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். அது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு எதையும் இரண்டு விதமாக யோசிக்காமல் விட முடிவதில்லை.

8

போன வாரம் சாப்பிடும்போது ஆதவன் கேட்டான், "நீங்க மதுரைக்குப் போறதப் பத்தித்தான பேசுறீங்க?"

நான் பழக்கதோஷத்தில் திருத்தினேன். "'நம்ம போறத'ன்னு சொல்லணும்டா."

"நம்ம போறத" என்று வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

போர்த்துகீசியத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் அவன் தமிழில் இந்த இடத்தில் தடுமாறுவது வழக்கம். "நாங்க சாப்பிடலாமா?" என்று எங்களையே கூப்பிடுவான், நாங்கள் சிரிப்போம். ஆனால் இது அந்தத் தடுமாற்றம் இல்லையோ என்று அன்றிலிருந்து சந்தேகம். விழா நாளில் "நம்ம இருக்கோம்" என்று சரியாகத்தானே சொன்னான்? இருப்பதற்கு 'நம்ம', போவதற்கு 'நீங்க' என்றால், அது இலக்கணப் பிழை இல்லையே. இவரிடம் சொன்னேன். "ஒம்பது வயசுப் பய. இதுக்கெல்லாம் உரை எழுதாத" என்றார். பிறகு அவரும் தூங்கவில்லை.

நேற்று சுருக்குப்பையை எடுத்து, ஆதவன் குளித்துவிட்டு வந்தபோது கொடியை இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். எட்டவில்லை. இரண்டு விரல் அகலம் குறைகிறது. மார்ச்சில் சரியாக இருந்தது. வளையம் சேர்க்க இங்கே ஆள் கிடையாது. மதினியிடம் சொன்னதற்கு, "பயலக் கூட்டிட்டு வா, சேத்துருவோம்" என்றார். மாமா பின்னாலிருந்து, "அவசரமில்லன்னு சொல்லு" என்றது கேட்டது.

இந்த மாதக் கடைசிக்குள் கிளப்பில் அடுத்த சீசன் பதிவு முடிகிறது. நெல்சன் நான் சொன்னதை நம்பித் தகட்டில் பெயர் பொறித்துவிட்டார். மாமா எதையும் சொல்லாமல் காத்திருக்கிறார். இரண்டு பக்கமும் யாரும் எங்களை வற்புறுத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் மதுரைப் பக்கம் திரும்பி வந்தவர்கள் இருப்பீர்கள். முக்கியமாக, எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளோடு வந்தவர்கள். போகலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, அதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள், யார் சொன்னீர்கள், அது முதலில் என்ன கேட்டது என்று எழுதுங்கள். வந்த பிறகு நீங்கள் விட்ட இடத்திலிருந்து எண்ணினீர்களா, ஒன்றிலிருந்தா? போகாமல் தங்கிவிட்டவர்களும் எழுதலாம். போனில் "அவசரமில்ல" என்று சொல்லும் பெரியவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

பதிவு நாளுக்கு முன்னால் கிடைத்தால் உதவியாக இருக்கும். நெல்சனிடம் மறுபடி பேசப் போக வேண்டும். எந்த வாக்கியமானாலும் சரி, இந்தத் தடவை அதை முதலில் ஆதவனிடம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.